கப்பலேறும் முன் கையில் அரை நாள்: பாரிமுனையா, கோட்டையா, திருவல்லிக்கேணியா, மயிலாப்பூரா?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாக் கப்பல் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மதுரை, நெல்லை, கோவைக்காரர்கள் ராத்திரி ரயில் பிடித்து விடியற்காலையில் எழும்பூரிலோ சென்ட்ரலிலோ வந்து இறங்கிவிடுகிறார்கள். கப்பலில் ஏற்றுவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். நடுவில் ஆறேழு மணி நேரம் கையில் இருக்கிறது. காரில் ஊர் சுற்றினால் பாதி நேரம் சிக்னலில் போய்விடும். நடந்தே பார்க்கலாம் என்றால் எந்தப் பக்கம் நடப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கப்பல் ஏறும் அன்றைக்கு என்றால் ஜார்ஜ் டவுன், அதாவது பாரிமுனைப் பக்கம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற வார நாளாக இருந்து, கால் தெம்பும் இருந்தால் அதோடு புனித ஜார்ஜ் கோட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். மயிலாப்பூர் முந்தைய நாள் சாயங்காலத்துக்கு உரியது. ஏறும் நாளில் அங்கே போவதில் ஆபத்து இருக்கிறது. திருவல்லிக்கேணி இரண்டுக்கும் நடுவில். ஏன் என்பதும், எப்போது இந்த வரிசை தலைகீழாகும் என்பதும் கீழே.

## எதை வைத்து முடிவெடுப்பது

வாயில் மூடும் நேரம். எதைப் பார்க்கலாம் என்று காலையிலிருந்து முன்னோக்கி எண்ணாதீர்கள். மதியத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிக்கெட்டில் செக்-இன் மூன்று மணிக்கு முடியும் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதுகாப்புச் சோதனை, பெட்டிக்குச் சீட்டுக் கட்டுவது, வரிசை எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் விட்டால் இரண்டு மணிக்குத் துறைமுக வாயிலில் நிற்க வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு வர ஒரு மணி நேரம். சாப்பாடு, முகம் கழுவல், உடை மாற்றல் இன்னொரு மணி நேரம். ஆக, நடை பன்னிரண்டு மணிக்கு முடிந்தாக வேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கினால் கையில் ஐந்து மணி நேரம் இருக்கும். ஒன்பதரைக்குத் தொடங்குபவருக்கு அதில் பாதிதான் மிஞ்சும், அதுவும் வெயில் பாதி.

எந்த வாயில். துறைமுக மதில் ராயபுரம் பக்கத்திலிருந்து போர் நினைவுச் சின்னம் வரை கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. வாயில்களுக்கு எண் உண்டு. "ஹார்பர் கேட்" என்று மட்டும் ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவருக்குத் தெரிந்த வாயிலில் இறக்கிவிடுவார். காவலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர் வேறு வாயிலைக் கை காட்டுவார். இரண்டு சூட்கேஸோடு ராஜாஜி சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் நடப்பது யாருக்கும் பிடிக்காது. டிக்கெட்டில் உள்ள வாயில் எண்ணைக் காலையிலேயே ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் போன் சார்ஜ் போயிருக்கும்.

பெட்டி. இதைத் தனியாகவே பேச வேண்டும், பேசுவோம்.

நிழல், கதவு, வயிறு. மார்ச் முதல் ஜூன் வரை பதினொரு மணிக்கு மேல் நிழலில்லாத பாதையில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது. கோயில் நடை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறக்கும். கடைசியாக வயிறு. கப்பலில் ஏற்றும் முன் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா என்று எழுதி வாங்குவார்கள். கப்பல் மூடிய இடம், ஒருவருக்கு வந்தால் நூறு பேருக்குப் பரவும். உண்டு என்று சொன்னால் ஏற்ற மறுக்கவும் கூடும். தெருவோரத் தட்டின் விலை முப்பது ரூபாய் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அதற்குப் பின்னால் மொத்த டிக்கெட் பணமும் நிற்கிறது.

| | ஜார்ஜ் டவுன் | கோட்டை | திருவல்லிக்கேணி–மெரினா | மயிலாப்பூர்–சாந்தோம் |
|---|---|---|---|---|
| நடை | சுமார் 3.5 கி.மீ. | 1.5 கி.மீ. | 4 கி.மீ. | 3 கி.மீ. |
| நேரம் | 3–3.5 மணி | 2 மணி | 3 மணி | 3 மணி |
| தொடங்க நல்ல நேரம் | காலை 7 | காலை 9 | காலை 6.30 | மாலை 3.30 |
| நிழல் | சந்துகளில் நன்றாக | உள்ளே பரவாயில்லை | கடற்கரையில் அறவே இல்லை | மாலையில் கவலையில்லை |
| துறைமுகத்துக்கு | நடந்தே போகலாம் | பக்கம் | ஆட்டோ, சில கி.மீ. | ரயில் அல்லது ஆட்டோ |
| எது கெடுக்கும் | பத்தரைக்கு மேல் சரக்கு வண்டிகள் | வெள்ளி விடுமுறை, அடையாள அட்டை | வெயில் | நடை சாத்துதல், மெட்ரோ வேலை |

## பெட்டிக் கணக்கு

நான்கு வழிகளுக்கும் பொதுவான மறைமுகச் செலவு இது. ஜார்ஜ் டவுன் சந்துகளில் உருட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு பத்தடி போக முடியாது. கோட்டைக்குள் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ரயிலில் வந்தவர்களுக்கு வேலை சுலபம். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் பொருள் பாதுகாப்பு அறை, நாம் சொல்கிற கிளோக் ரூம், இருக்கிறது. அங்கே மூன்று விஷயம் கேட்பார்கள்: பயணச் சீட்டு, அடையாள அட்டை, பெட்டியில் பூட்டு. ஜிப் மட்டும் போட்ட பையை வாங்க மாட்டார்கள். பூட்டு வாங்க வெளியே ஓடி, திரும்பி வந்து மறுபடி வரிசையில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். சின்னப் பூட்டுகளை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட், மருந்து, கப்பல் டிக்கெட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இலங்கை போகும் கப்பல் என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி ஒப்படைத்துவிட்டு, கோட்டை வாசலில் அடையாள அட்டை கேட்கும்போது விழிப்பது வழக்கமாக நடக்கிற கூத்து.

பேருந்திலோ விமானத்திலோ வந்தவர்களிடம் ரயில் சீட்டு இருக்காது, ஆகவே கிளோக் ரூமும் கிடையாது. அவர்களுக்கு மண்ணடியிலோ பெரியமேட்டிலோ அரை நாளுக்கு ஒரு லாட்ஜ் அறைதான் வழி. காசு கூடுதல்தான். ஆனால் குளியல், கழிப்பறை, ஒரு மணி நேரத் தூக்கம் எல்லாம் அதில் அடக்கம். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் கூட இருந்தால், ரயிலில் வந்தவர்களும் இதையே செய்வது நல்லது. அறையை மண்ணடிப் பக்கம் எடுத்தால் நடை முடிகிற இடத்திலேயே பெட்டி இருக்கும். சென்ட்ரலுக்குப் போய்த் திரும்பும் ஒரு மணி நேரம் மிச்சம்.

வாடகைக் காரில் பெட்டியை விட்டுவிட்டு நடப்பது மூன்றாவது வழி. முன்பின் தெரிந்த ஓட்டுநர் என்றால் மட்டும்.

## ஜார்ஜ் டவுன்: வாயிலுக்கு நடந்தே போகிற ஒரே வழி

சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே உயர் நீதிமன்றம். விமானத்தில் வருபவர்களுக்கும் விமான நிலையத்திலிருந்து அதே நீலத் தடம், மாற வேண்டியதில்லை. எழும்பூரில் இறங்கினால் புறநகர் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், பத்து ரூபாய்க்குள். மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அடுத்த மூன்று மணி நேரத்தில் அதைவிடச் சுத்தமானது கண்ணில் படாது.

உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-இல் திறந்தது. வளாகத்துக்குள் காவல் கடுமை என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் போதும். அதன் உயரமான கோபுரத்தில்தான் 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. வளாகத்தின் கிழக்குப் பக்கம் அதற்குக் கல்வெட்டு உண்டு. குண்டு போட்டவன் போய்ச் சேர்ந்தாலும் பேர் நம் வாயில் நின்றுவிட்டது: "அவன் சரியான எம்டன்." நீதிமன்றத்தின் எல்லா வாயில்களையும் வருஷத்தில் ஒரு நாள் அடைத்துவிடுவார்கள், பொதுவழி என்று யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக. அந்த நாளில் வந்து மாட்டியவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, பார்ப்பது எப்படியும் வெளியிலிருந்துதான்.

அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாகவே சாலையைக் கடந்து பாரிமுனை. மேலே சாலையில் குறுக்கே ஓடுவது உள்ளூர்க்காரர்களுக்கே கைவந்த கலை இல்லை. நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் நிற்கிற இடத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் ஊரைப் பிடித்து 1749-இல் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு கோட்டைக்கு முன்னால் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர் அந்தக் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். இடம் பெயர்ந்தவர்கள் கட்டியதுதான் இப்போதைய ஊர். ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 1911-இல் வந்தது. வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773-இல் நட்ட ஆறு கல்தூண்களில் ஒன்று இன்றும் பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தில் நிற்கிறது.

அதன் பிறகு அரண்மனைக்காரத் தெருவில் நுழையுங்கள். அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மேனியன் தெருதான் தமிழ் நாக்கில் புரண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை கூட்டம் தெருவை அடைக்கும், அன்றைக்கு மட்டும் எதிர்ப்பக்கம் நடக்கவும். கச்சாலீஸ்வரர் கோயில் காலையிலேயே திறந்திருக்கும். ஆர்மேனியன் தேவாலயம் ஒன்பது மணி வாக்கில்தான். ஆகவே கச்சாலீஸ்வரர், தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் இரண்டையும் முதலில் முடித்துவிட்டு ஆர்மேனியனுக்குத் திரும்புங்கள். 1677-இல் சிவாஜி வந்து கும்பிட்டதாகக் காளிகாம்பாள் கோயிலில் சொல்வார்கள்.

ஆர்மேனியன் தேவாலயத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். 1712-இல் எழுந்து 1772-இல் மறுபடி கட்டியது. தெருவின் கூச்சல் வாசலைத் தாண்டியதும் அடங்கிவிடும். நடைபாதையெல்லாம் கல்லறைப் பலகைகள், எழுத்து மேல் கால் வைத்துத்தான் நடக்க வேண்டும். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 1794-இல் சென்னையில்தான் அச்சேறியது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் சமாதி இங்கேதான். மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். உள்ளே ஆறு மணிகள். ஒன்று 1754-இல் வார்த்தது, கெட்டுப்போய் 1808-இல் மறுபடி உருக்கி வார்த்தார்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆர்மேனியர் மணியில் தமிழ் எப்படி என்றால், வார்த்தவர் நம்மூர்க் கன்னாராக இருந்திருக்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் தோன்றவில்லை. ஞாயிறு காலையில் மணி அடிப்பார்கள்.

இதற்குள் பத்து ஆகியிருக்கும். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். பத்தரைக்கு மேல் மொத்த வியாபாரத் தெருக்கள் விழித்துக்கொள்ளும். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. சரக்கு இறங்கும்போது மீன்பாடி வண்டிகள், அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள், தெருவுக்குக் குறுக்கே நிற்கும். தலையில் மூட்டையோடு வருபவர் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அவரால் நிற்க முடியாது. அரை கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகவே கடைத்தெருப் பக்கம் ஆசைப்படாமல் பவழக்காரத் தெரு வழியாகக் கடல் பக்கம் திரும்பிவிடுங்கள். மத்தியதரைக் கடலிலிருந்து பவழம் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றிக்கொண்ட யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு அது. பிற்பாடு நகரத்தார் விடுதி வந்தது. பெரிய வீடுகளின் தூண்களும் திண்ணைகளும் சில இன்னும் மிச்சம் இருக்கின்றன, ஷட்டர்களுக்கு மேலே கண்ணை உயர்த்தினால் தெரியும்.

தெரு முடிவில் ராஜாஜி சாலை. 1884-இல் கட்டிய தலைமை அஞ்சலகம், அதை அடுத்து ஸ்டேட் வங்கிக் கட்டடம். இந்தச் சாலைக்குப் பழைய பெயர் முதல் கடற்கரை வரிசை. துறைமுகம் கட்டுவதற்கு முன் அலை இந்தக் கட்டட வரிசை வரைக்கும் வந்தது. அப்போது கப்பல் கரைக்கே வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசுலாப் படகில் ஆளையும் சரக்கையும் அலைக்குள் இறக்கிப் போவார்கள். ஆணி அடித்த படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். நீங்கள் ஏசி முனையத்தில் பெட்டியை உருட்டிப் போகப்போகிற இடத்துக்கு எதிரில்தான் ஆட்கள் தோளில் உட்கார்ந்து கரையேறினார்கள்.

பர்மா பஜார் 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக வந்தது. அத்தோ கடைகள் இந்தப் பக்கம்தான். தடித்த மஞ்சள் நூடுல்ஸில் பச்சைக் கோஸ், வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டுச் சூப். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பச்சைக் கோஸும் வெறுங்கையும் சேர்கிற தட்டு கப்பல் ஏறும் நாளுக்கு ஏற்றதல்ல. கொதிக்கிற சூப்பை மட்டும் குடித்துவிட்டு, அத்தோவைத் திரும்பி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு: பணமாக அதிகம் இல்லை, பஜாரில் வாங்குகிற சாமான்தான். கத்தி, இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி மாதிரியானவற்றைக் கப்பல் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். தீ விபத்து பயம்.

எப்போது இது வேண்டாம்: ஐப்பசி, கார்த்திகை மழையில். சந்துகளில் முழங்கால் தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகிவிடும். சக்கர நாற்காலியோடு வருபவர்களுக்கும் வேண்டாம்.

## கோட்டை: சேர்த்துக்கொள்ள நல்லது, தனியாக அல்ல

1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு இடம் கிடைத்து, 1644-இல் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டை பாரிமுனையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் நிழல் இல்லை. உள்ளே பார்க்க இரண்டு இடம்.

ஒன்று 1680-இல் அர்ப்பணித்த புனித மேரி தேவாலயம். சுவர் நான்கடி தடிமன், கூரை இரண்டடி தடிமனில் வளைவாகப் போட்டது. பீரங்கிக் குண்டு விழுந்தால் தாங்குவதற்கு. ராபர்ட் கிளைவ் 1753-இல் மணம் முடித்தது இங்கேதான். வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைக் கவனியுங்கள். அவை இங்கே புதைத்தவர்களுடையவை அல்ல. இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த இடுகாட்டுக் கற்கள். 1758–59 முற்றுகையில் பிரெஞ்சு வீரர்கள் அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டார்கள். அதனால் சமாதிகளை அகற்றிக் கற்களை இங்கே கொண்டுவந்து பாவினார்கள். காலையில் ஜார்ஜ் டவுன் நடந்துவிட்டு வந்தவருக்கு இந்தக் கல் உடனே புரியும். அதனால்தான் கோட்டையைத் தனியாகப் பார்க்காமல் இரண்டாவதாகப் பார்க்கச் சொல்கிறோம்.

மற்றொன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 காலையில் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி, பன்னிரண்டடி நீளப் பட்டுத் துணி, இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. ஒன்பது மணிக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை.

உள்ளே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இயங்குவதால் அடையாள அட்டையும் பைச் சோதனையும் கட்டாயம். சட்டமன்றம் கூடும் நாட்களில் சோதனைக்கே அரை மணி நேரம் போகும். கையில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்து, மழையும் பெய்தால், அப்போது கோட்டை மட்டும் பார்ப்பதே சரி: கூரைக்குக் கீழே பார்ப்பதற்கு இருக்கிற ஒரே வழி இதுதான்.

## திருவல்லிக்கேணி–மெரினா: சீக்கிரம் எழுபவர்களுக்கு

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையம். பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்தது. தந்திவர்மன் கல்வெட்டு உண்டு. மூலவருக்கு மீசை. உற்சவர் முகத்தில் அம்பு பட்ட வடுக்கள், பீஷ்மர் எய்தவை. தேர் ஓட்டிய சாரதிக்கு வேறு எப்படி இருக்கும்? நடுநடுவே நிவேதனத்துக்குத் திரை போட்டால் இருபது நிமிடம் நிற்க வேண்டிவரும், அதற்கு மனத்தளவில் தயாராக இருங்கள். பக்கத்திலேயே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு. டிபனுக்கு ரத்னா கஃபே. இட்லி சாம்பாரில் மூழ்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஜக்கோடு வந்து மறுபடி ஊற்றுவார்கள். சுடச்சுட வருவதால் வயிற்றுக்குப் பயமில்லை. நெடுஞ்சாலைக்கு வந்தால் 1795-இல் கருங்கல்லில் எழுந்த வாலாஜா மசூதி.

பிறகு கடற்கரைச் சாலை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் (திங்கள் விடுமுறை), அப்புறம் மாநிலக் கல்லூரி, 1768-இன் சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ் என்று வடக்கே நடக்கலாம். கப்பலேறப் போகிறவர்கள் ஒரு நிமிடம் அந்த மணலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாதங்களில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்தின் தென்பக்கக் கற்சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். தேங்கியது வடக்கே போகாததால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. அங்கே பாறாங்கல் கொட்டி வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். ஒரே சுவர், ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் போன வீடுகள்.

இந்த வழியின் குறை வெயில். ஒன்பது மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் நடப்பதில் அர்த்தமில்லை. ஆறரைக்குத் தொடங்கி, கோயில், டிபன், கடற்கரை என்ற வரிசையை மாற்றி, கடற்கரையை முதலில் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். சின்னக் குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஜார்ஜ் டவுனைவிட இது மேல்: நடைபாதை அகலம், சரக்கு வண்டி கிடையாது, பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ ஏற எங்கேயும் முடியும்.

## மயிலாப்பூர்–சாந்தோம்: முந்தைய நாள் சாயங்காலம்

அழகுப் போட்டி வைத்தால் இதுதான் முதலிடம். கபாலீஸ்வரர் கோயிலும் குளமும், நான்கு மாட வீதிகளும், பூக்கடையும், காளத்தி கடை ரோஸ் மில்க்கும் சேர்ந்த ஒரு சாயங்காலத்துக்கு ஈடு கிடையாது. லஸ் தேவாலயத்துக்குக் காட்டுக் கோயில் என்று பெயர்; 1516 என்று கல்வெட்டு. சாந்தோம் பேராலயம் புனித தோமாவின் கல்லறை மேல் போர்த்துகீசியர் எழுப்பி, 1896-இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. பழைய கபாலீஸ்வரர் கோயில் கடற்கரையோரம் இருந்ததும், போர்த்துகீசியர் காலத்தில் போனதும், பிறகு உள்ளே தள்ளிக் கட்டியதும் இந்த இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் நடக்கும்போது நினைவில் இருந்தால் நல்லது.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறோம்? காலையில் வந்தால் எல்லாம் குறுகிப்போகும். கோயில் பன்னிரண்டரைக்குள் சாத்திவிடும். ராயர் மெஸ் காலை டிபன் பத்து மணி வாக்கில் தீர்ந்துவிடும். மெட்ரோ வேலை நடக்கும் வரை லஸ் முனை, கச்சேரி சாலைப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறார்கள், ஆட்டோ எவ்வளவு நேரத்தில் வெளியே வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெட்டியோ சென்ட்ரலில். நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் கடந்து, கிளோக் ரூமில் நின்று, பிறகு ராஜாஜி சாலைக்கு வர வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கப்பல் நிற்காது.

முந்தைய நாளே வந்து தங்குபவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. மூன்றரைக்குத் திருமயிலை நிலையத்தில் இறங்கி, லஸ் தேவாலயம் பார்த்து, நான்கு மணி நடை திறப்புக்குக் கோயிலில் இருந்து, ஐந்தரைக்குச் சாந்தோம் நோக்கி நடந்தால் இருட்டும் முன் கடற்கரை. பிரதோஷ நாள் என்றால் நான்கரை முதல் ஆறு வரை கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்குச் சாந்தோமை முதலிலும் கோயிலை ஏழு மணிக்கும் வையுங்கள்.

ஏறும் நாளிலேயே மயிலாப்பூர்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெட்டியோடு யாரையாவது அறையில் விட்டுவிட்டு, ஆறு மணிக்குக் கோயிலில் இருங்கள், எட்டுக்குள் டிபனை முடியுங்கள், ஒன்பது மணிக்குத் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையம் வந்துவிடுங்கள். ஆட்டோ பிடிக்காதீர்கள். ரயிலுக்குச் சிக்னல் உண்டு, மெட்ரோ பள்ளம் கிடையாது. சாந்தோமை விட்டுவிட வேண்டிவரும்.

## கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்

ஞாயிறு: ஜார்ஜ் டவுன் மொத்தக் கடைகள் மூடியிருக்கும். வியாபாரம் பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம், கட்டடம் பார்க்க வந்தவர்களுக்கு விருந்து. பத்தரை மணிக் கெடுவும் அன்றைக்குப் பொருந்தாது. தேவாலயங்களில் வழிபாடு நடக்கும் நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்க்கக் கூடாது. வெள்ளி: அருங்காட்சியகம் இல்லை, மதியத் தொழுகை நேரத்தில் மண்ணடித் தெருக்களும் வாலாஜா மசூதிப் பக்கமும் நெரியும், ஆகவே பன்னிரண்டுக்குள் அந்தப் பகுதியைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வைகுண்ட ஏகாதசி, பங்குனி அறுபத்துமூவர் நாட்களில் முறையே திருவல்லிக்கேணியையும் மயிலாப்பூரையும் பயணத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீரும், கோயிலுக்குள் நடக்க ஒரு ஜோடி பழைய சாக்ஸும் கைப்பையில் இருக்கட்டும். பதினொரு மணிக்குக் கோயில் பிராகாரத்துக் கருங்கல் தோசைக்கல்லாகிவிடும். கொப்புளித்த காலோடு கப்பல் படியேறினால் மூன்று நாளும் அறையிலேயே உட்கார வேண்டியதுதான்.